டாங்கா 1914: பெங்களூர் பிரிகேடு கரையேறிய கதை

டாங்கா சண்டையைப் பற்றி எங்காவது படித்தவர்களுக்குத் தேனீக்கள்தான் நினைவில் இருக்கும். 1914 நவம்பர் 4 அன்று பிற்பகல், இன்றைய டான்சானியாவின் வடக்குக் கடற்கரையில், மரங்களில் தொங்கிய தேன்கூடுகள் துப்பாக்கிச் சூட்டில் கலைந்தன. இந்தியச் சிப்பாய்களைத் தேனீக்கள் துரத்தித் துரத்திக் கொட்டின. சுமார் 8,000 பேர் கொண்ட பிரிட்டிஷ் இந்தியப் படை, ஜெர்மானியர் தரப்பில் ஆயிரம் பேர் காவல் காத்த ஒரு சிறு துறைமுகத்தைப் பிடிக்க முடியாமல் கப்பலுக்குத் திரும்பியது. ஆங்கிலத்தில் அதற்கு 'தேனீக்களின் சண்டை' என்றே பெயர் விழுந்துவிட்டது.

கேட்கச் சுவையான கதைதான். ஆனால் தேனீ கொட்டியபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. அதற்குள் அந்தப் படை தோற்பதற்கான ஏற்பாடுகள் எல்லாம் அநேகமாக முடிந்திருந்தன. இந்தக் கட்டுரை அந்த ஏற்பாடுகளைப் பற்றியது. குறிப்பாக, அந்தப் படையின் முதுகெலும்பாகக் கருதப்பட்ட 27ஆவது பெங்களூர் பிரிகேடைப் பற்றியது (பிரிகேடு என்றால் சில பட்டாளங்கள் சேர்ந்த படைப்பிரிவு). அதிலும் ஒரு பட்டாளத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி (இலகு காலாட்படை). ஆவணங்களில் 'பாளம்கோட்டா' என்று வெள்ளைக்காரர் உச்சரிப்பில் கிடக்கும் அந்தப் பெயர், நம் திருநெல்வேலிப் பக்கத்துப் பாளையங்கோட்டையேதான்.

பிரிகேடு என்ற பெயரில் வந்தவர்கள்

முதல் உலகப் போர் தொடங்கியதும் இந்தியாவிலிருந்து பல திசைகளுக்குப் படைகள் கிளம்பின. எல்லாவற்றுக்கும் எழுத்துதான் பெயர். 'ஏ' படை பிரான்சுக்கு. 'சி' படை பிரிட்டிஷ் கிழக்கு ஆப்பிரிக்காவை (இன்றைய கென்யா) காவல் காக்க. 'டி' படை பாரசீக வளைகுடாவுக்கு. நம் கதையின் 'பி' படைக்குக் கொடுக்கப்பட்ட வேலை, ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதையும் பிரிட்டிஷ் ஆட்சிக்குள் கொண்டுவருவது. ஜெர்மனியைவிடப் பெரிய நிலப்பரப்பு அது. அதற்கு இரண்டு பிரிகேடு.

லாகூர், மீரட் டிவிஷன்கள் (பல பிரிகேடுகள் சேர்ந்த பெரிய படைகள்) பிரான்சுக்குப் போய்விட்டன. கையில் இருந்தவற்றில் நல்லதை முதலில் அங்கே அனுப்பியது புரிந்துகொள்ளக்கூடியது. 'பி' படைக்கு முதலில் ஒதுக்கியிருந்தது 16ஆவது பூனா பிரிகேடு. அதன் தளபதி ஆர்தர் எட்வர்ட் ஐட்கன். கடைசி நேரத்தில் பூனா பிரிகேடைப் பாரசீக வளைகுடாவுக்குத் திருப்பிவிட்டார்கள். தளபதி மட்டும் 'பி' படையிலேயே நின்றார். அதாவது, தான் பழக்கிய சிப்பாய்களை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, தனக்கு அறிமுகமே இல்லாத பட்டாளங்களை அழைத்துக்கொண்டு ஐட்கன் போருக்குப் புறப்பட்டார்.

அவருக்குக் கிடைத்த முதல் பிரிகேடு, ரிச்சர்ட் வாப்ஷேர் தலைமையிலான 27ஆவது பெங்களூர் பிரிகேடு. செகந்திராபாத் டிவிஷனைச் சேர்ந்தது. அதில் நான்கு பட்டாளங்கள். 2ஆவது லாயல் நார்த் லங்காஷயர் மட்டும் வெள்ளைக்காரப் பட்டாளம். மற்ற மூன்றும் இந்தியப் பட்டாளங்கள்: 63ஆவது பாளையங்கோட்டை, 98ஆவது காலாட்படை, 101ஆவது கிரெனடியர்கள்.

இந்த எண்களுக்குள் ஒரு சின்ன வரலாறு ஒளிந்திருக்கிறது. 1903இல் தலைமைத் தளபதி கிச்சனர் இந்திய ராணுவம் முழுவதற்கும் ஒரே வரிசையில் எண் போட்டார். பழைய மதராஸ் பட்டாளங்களின் எண்ணோடு 60ஐக் கூட்டினார்கள். அப்படித்தான் மதராஸ் 3ஆவது காலாட்படை 63 ஆனது. 1759இல் கர்நாடகப் போர்களின் நடுவே திரட்டப்பட்ட பட்டாளம் அது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தின் மிகப் பழைய சிப்பாய்ப் பட்டாளங்களில் ஒன்று. 98ஆவது, ஹைதராபாத் நிஜாமின் பேரில் வைத்திருந்த படையிலிருந்து வந்தது. 101, பம்பாயின் பழைய 1ஆவது கிரெனடியர்கள். ஆக, பெங்களூர் பிரிகேடு என்ற ஒரே பெயருக்குள் மதராஸ், ஹைதராபாத், பம்பாய், இங்கிலாந்து என நான்கு ஊர்ப் பழக்கங்கள் இருந்தன. காகிதத்தில் ஒரு பிரிகேடு, ஆனால் நான்கும் ஒன்றாகச் சேர்ந்து களத்தில் பயிற்சி செய்த அனுபவம் இல்லை.

இரண்டாவது பிரிகேடு இன்னும் கலவை. மைக்கேல் டைக் தலைமையிலான இம்பீரியல் சர்வீஸ் பிரிகேடில் 13ஆவது ராஜபுத்திரர்களும், காஷ்மீர், குவாலியர் மன்னர்கள் தந்த படைகளும் இருந்தன. இவற்றோடு மதராஸைச் சேர்ந்த 61ஆவது பயனியர்கள் (பாதை அமைக்கும் வேலையும் தெரிந்த காலாட்படை), 28ஆவது மலைப் பீரங்கிப் பேட்டரி, சில சப்பர் (ராணுவப் பொறியியல்) கம்பெனிகள்.

மதராஸ் பட்டாளங்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். 1880களில் மதராஸ் படைக்கும் பிறகு இந்திய ராணுவம் முழுவதற்கும் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியச் சிப்பாய்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்று உறுதியாக நம்பியவர். வடமேற்கிலிருந்து வருபவனே வீரன் என்ற 'போர் இனக்' கொள்கை அவர் காலத்தில்தான் வேர்விட்டது. மதராஸ் பட்டாளங்கள் ஒன்றொன்றாகக் குறைக்கப்பட்டன, இருந்தவை பெரிய சண்டைக்கு அனுப்பப்படாமல் கிடந்தன. இருபது முப்பது ஆண்டுகள் ஒரு பட்டாளத்தைக் கோட்டை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு, அப்புறம் அதற்குச் சண்டை தெரியவில்லை என்று சொன்னால் என்ன சொல்வது?

கப்பலில் ஒரு மாதம்

இந்தச் சமயத்தில் இந்தியப் பெருங்கடல் பாதுகாப்பாக இல்லை. செப்டம்பர் 20 அன்று ஜெர்மன் போர்க்கப்பல் கோனிக்ஸ்பெர்க், சான்சிபார் துறைமுகத்தில் பிரிட்டிஷாரின் பெகாசஸைச் சிதைத்து மூழ்கடித்தது. இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 22 இரவு, எம்டன் மதராஸ் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. இன்றும் நம் ஊரில் தந்திரக்காரனை 'அவன் பெரிய எம்டன்' என்கிறோமே, அந்த எம்டன்தான். இந்த நிலையில் துணைக்குப் போர்க்கப்பல் இல்லாமல் படைக்கப்பல்களை அனுப்ப முடியாது. சிப்பாய்களைக் கப்பலில் ஏற்றிவைத்துக்கொண்டு பம்பாயில் காத்திருந்தார்கள். அக்டோபர் 16இல்தான் நங்கூரம் எடுத்தார்கள்.

கப்பலேறியதிலிருந்து ஆப்பிரிக்கக் கரையில் கால் வைக்கும்வரை சுமார் ஒரு மாதம். கடலையே பார்த்திராத கிராமத்துப் பையன்கள், நெரிசல், வாந்தி, பழக்கமில்லாத சாப்பாடு. சில பட்டாளங்களுக்குப் புது மாதிரி லீ-என்ஃபீல்ட் ரைஃபிள்களும் இயந்திரத் துப்பாக்கிகளும் கிளம்புவதற்குச் சற்று முன்புதான் கைக்கு வந்திருந்தன. கப்பல் தளத்தில் என்ன சுட்டுப் பழக முடியும்?

அக்டோபர் 31இல் மொம்பாசாவில் ஐட்கன் ஆலோசனை நடத்தினார். சிப்பாய்களைச் சில நாள் கரையிறக்கி இளைப்பாறவிடலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. அவர் சொன்ன காரணம் நியாயமானதுதான்: மொம்பாசாவில் இறங்கினால் செய்தி பரவும், எதிரியை எதிர்பாராமல் தாக்கும் வாய்ப்பு போய்விடும். இந்த ஒரு லாபத்துக்காக அவர் மற்ற எல்லாவற்றையும் விலையாகக் கொடுத்தார். அந்த லாபத்தை இரண்டே நாளில் அவருடைய சொந்தக் கடற்படையே தொலைத்துவிட்டது என்பதுதான் இந்த வழக்கின் நடுப்பகுதி.

டாங்காவில் பெரிய எதிர்ப்பு இருக்காது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். தார் எஸ் சலாமில் தூதராக இருந்த நார்மன் கிங் அரசியல் ஆலோசகராகக் கூடவே வந்தார். உள்ளூர் நிலவரம் தெரிந்த பிரிட்டிஷ் கிழக்கு ஆப்பிரிக்கப் படையினரின் உதவியை ஐட்கன் பெரிதாக மதிக்கவில்லை.

ஒரு மணி நேர அவகாசம்

ஆகஸ்ட் மாதத்தில் பிரிட்டிஷ் கடற்படை, தார் எஸ் சலாம், டாங்கா ஆகிய துறைமுகங்களோடு உள்ளூர் அளவில் ஒரு சமரசம் செய்திருந்தது. நாங்கள் சுட மாட்டோம், நீங்களும் போரில் இறங்காதீர்கள் என்ற மாதிரி. லண்டன் அதை ஏற்கவில்லை. ஆனால் ஏற்கவில்லை என்பதை ஜெர்மானியருக்கு முறையாகத் தெரிவித்தார்களா? அங்கேதான் சிக்கல்.

நவம்பர் 2 காலை, ஃபாக்ஸ் என்ற போர்க்கப்பல் டாங்கா துறைமுகத்துக்குள் தனியாக நுழைந்தது. அதன் கேப்டன் கால்ஃபீல்ட், சமரசம் முடிந்துவிட்டது என்று முன்னறிவிப்பு கொடுக்காமல் தாக்குவது முறையல்ல என்று நினைத்தார். ஜெர்மன் மாவட்ட அதிகாரி அவுராக்கரைக் கப்பலுக்கு வரவழைத்து, ஒரு மணி நேரத்தில் ஊரை ஒப்படையுங்கள், இல்லாவிட்டால் சுடுவோம் என்றார். துறைமுகத்தில் கண்ணிவெடி போட்டிருக்கிறீர்களா என்றும் கேட்டார். போட்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. எதிரியிடமே கேட்டால் வேறு என்ன பதில் வரும்?

அவுராக்கர் மேலிடத்தைக் கலந்து சொல்கிறேன் என்று கரைக்குப் போனார். போனவர் திரும்பவில்லை. ராணுவ உடையை மாட்டிக்கொண்டு ஊரைக் காக்கும் படையில் சேர்ந்துகொண்டார். அதற்கு முன், உள்நாட்டில் மோஷி பக்கம் இருந்த தளபதி பால் ஃபான் லெட்டோ-ஃபோர்பெக்குக்குத் தந்தி போய்ச் சேர்ந்தது. ஆளுநர் ஷ்னே, துறைமுக நகரங்களில் சண்டை வேண்டாம் என்ற எண்ணத்தில் இருந்தவர். லெட்டோ-ஃபோர்பெக் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டாங்காவையும் மோஷியையும் இணைக்கும் சுமார் 350 கிலோமீட்டர் உசம்பரா ரயில்பாதையில் கம்பெனி கம்பெனியாக ஆட்களை ஏற்றி அனுப்ப ஆரம்பித்தார்.

நவம்பர் 2 காலையில் டாங்காவில் காவலுக்கு ஒரே ஒரு கம்பெனி, அதாவது ஒரு சிறு படைப்பிரிவு அளவுதான் இருந்தது. அன்று காலையே நேராக இறங்கியிருந்தால் ஊர் கையில் விழுந்திருக்கும் என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது. ஆனால் கால்ஃபீல்ட் கண்ணிவெடி தேட ஆரம்பித்தார். இல்லாத கண்ணிவெடியைத் தேடி ஒரு நாள் போனது. துறைமுகத்துக்குள் இறங்குவதையும் கைவிட்டு, ஊருக்குக் கிழக்கே சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி ராஸ் கசோனே முனையில் இறங்குவது என்று முடிவானது. சதுப்பும் செங்குத்துக் கரையும் அடர்ந்த புதரும் உள்ள இடம். அங்கே, இரவில், மார்பளவு தண்ணீரில் தத்தளித்துச் சிப்பாய்கள் இறங்கினார்கள்.

இதற்குள் லெட்டோ-ஃபோர்பெக்கின் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த இடத்தில்தான் சண்டை கைமாறியது என்பது என் கணிப்பு. அதன்பின் நடந்தவை எல்லாம் விளைவுகள்.

முதல் நாள்: ராஜபுத்திரர்கள்

நவம்பர் 3 விடியலில் டைக்கின் ஆட்கள் ஊரை நோக்கி நகர்ந்தார்கள். முன்னால் 13ஆவது ராஜபுத்திரர்கள், பின்னால் 61ஆவது பயனியர்கள். முழுப் பிரிகேடு கரையேறும்வரை காத்திருக்கவில்லை. முன்னால் என்ன இருக்கிறது என்று உளவு பார்க்கவும் இல்லை. ஊருக்கு அருகே ரயில்பாதை வெட்டுப்பள்ளத்தை ஒட்டி ஜெர்மன் காவல் நின்றது. மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகள் பேச ஆரம்பித்தன. அதே நேரம் ரயிலில் வந்திறங்கிய புதிய கம்பெனிகள் பக்கவாட்டில் பாய்ந்தன. முன்வரிசை அதிகாரிகள் வரிசையாக விழுந்தார்கள். ராஜபுத்திரர்கள் கலைந்து பின்வாங்கினார்கள். அந்த ஒரு காலையில் 300 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காயப்பட்டார்கள்.

இந்தக் காலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'போர் இனம்' என்று ராணுவம் பதிவேட்டில் எழுதிவைத்திருந்த ராஜபுத்திரர்கள்தான் முதலில் கலைந்தவர்கள். ஒரு மாதம் கடலில் கிடந்துவிட்டு, தூங்காமல், பீரங்கித் துணை இல்லாமல், தெரியாத காட்டில் இயந்திரத் துப்பாக்கிக்கு எதிரே நடந்தால் யாராக இருந்தாலும் கலைவார்கள்.

அன்று இரவு லெட்டோ-ஃபோர்பெக் தானே டாங்காவுக்கு வந்து சேர்ந்தார். ஊருக்குள் சைக்கிளில் சுற்றி, துறைமுகம் பக்கம் போய், கடலில் விளக்கெரிய நின்ற பிரிட்டிஷ் கப்பல்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அந்தப் பக்கம் தளபதி இருட்டில் தானே களத்தை அளக்கிறார். இந்தப் பக்கம் ஊருக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாம் நாள்: நடுவில் விழுந்த ஓட்டை

நவம்பர் 4. இப்போது முழுப்படையும் கரையில். நண்பகல் வாக்கில் ஐட்கன் ஒரே நீண்ட வரிசையாக முன்னேற உத்தரவிட்டார். வலதுபுறம், கடலை ஒட்டி, காஷ்மீர் ரைஃபிள்கள். அடுத்து லாயல் நார்த் லங்காஷயர். நடுவில் 63ஆவது பாளையங்கோட்டை. இடது கோடியில் 101ஆவது கிரெனடியர்கள். பின்னால் துணைக்கு 98ஆவது. முந்தின நாள் அடிபட்ட ராஜபுத்திரர்களும் பயனியர்களும் பின்வரிசையில். மலைப் பீரங்கிகளைக் கரையில் இறக்கவே இல்லை. ஒரு கப்பலின் தளத்திலிருந்தபடியே, மரங்களுக்கு மேலாகக் குத்துமதிப்பாகச் சுட்டன.

உச்சி வெயில். ரப்பர் தோட்டம், தென்னந்தோப்பு, ஆளுயரச் சோளம், முட்புதர். பக்கத்துக் கம்பெனி எங்கே போகிறது என்று இந்தக் கம்பெனிக்குத் தெரியவில்லை. வரிசை அங்கங்கே பிய்ந்தது. தண்ணீர் தீர்ந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் இப்படி நடந்த பிறகு, சுமார் இரண்டரை மணிக்குச் சூடு ஆரம்பித்தது.

வலதுபுறம் நன்றாகவே போனது. காஷ்மீர் ரைஃபிள்களும் லங்காஷயர்களும் ஊருக்குள் புகுந்தார்கள். சுங்கக் கட்டடத்தைப் பிடித்தார்கள். தெருத் தெருவாகச் சண்டை நடந்தது. ஜெர்மன் கேப்டன் டாம் ஃபான் பிரின்ஸ் அங்கேதான் இறந்தார். ஒரு கட்டத்தில் ஊர் போய்விட்டது என்றே ஜெர்மானியர் நினைத்திருக்கக்கூடும்.

நடுவில் பாளையங்கோட்டைக்காரர்கள் நிற்கவில்லை. மாக்சிம் சூடு வந்ததும் பட்டாளம் கலைந்து பின்னால் ஓடியது. இதை மழுப்ப வேண்டியதில்லை. பாளையங்கோட்டை என்ற பெயர் இருக்கிறதே என்பதற்காக நான் வக்காலத்து வாங்கப் போவதும் இல்லை. நடந்தது நடந்ததுதான். அவர்கள் விட்ட இடத்தில் வரிசையில் ஓர் ஓட்டை விழுந்தது. வலதுபுறம் ஊருக்குள் போனவர்களுக்கும் இடது கோடியில் நின்ற கிரெனடியர்களுக்கும் நடுவே யாரும் இல்லை.

கிரெனடியர்கள் அந்தத் தனிமையிலும் முன்னேறினார்கள். லெட்டோ-ஃபோர்பெக் இந்தத் தருணத்துக்காகத்தான் 13ஆவது கம்பெனியை இயந்திரத் துப்பாக்கிகளோடு தன் வலது கோடியில் ஒதுக்கி வைத்திருந்தார். அது கிரெனடியர்களின் திறந்த பக்கத்தைச் சுற்றிவந்து பக்கவாட்டிலிருந்து அறுத்தது. 101ஆவது பட்டாளம் அங்கே கிட்டத்தட்ட அழிந்தது. அன்று மிகக் கடுமையாக நின்று சண்டையிட்ட பட்டாளங்களில் ஒன்றின் கதை, தேனீக் கதைக்கு அடியில் புதைந்து போனதுதான் எனக்கு வருத்தம்.

சரி, தேனீக்கள். அந்தப் பகுதி மரங்களில் தேன்கூடுகள் நிறைய இருந்தன. துணைக்கு வந்துகொண்டிருந்த 98ஆவது பட்டாளம் சரியாக அங்கே மாட்டியது. குண்டுகள் கூடுகளில் பட, கூட்டம் கூட்டமாகத் தேனீக்கள் கிளம்பி, பட்டாளம் ஒழுங்கு குலைந்தது. ஓட்டையை அடைக்க வேண்டிய பட்டாளம் அதுதான். இது தேனீக்களின் உண்மையான பங்கு. ஜெர்மானியர் வேண்டுமென்றே கூடுகளைக் கட்டிவைத்துப் பொறிவைத்தார்கள் என்று அப்போது பிரிட்டனில் கதை பரவியது. ஆனால் லெட்டோ-ஃபோர்பெக் பின்னாளில் எழுதும்போது, தம் பக்கத்து இயந்திரத் துப்பாக்கிக்காரர்களையும் அதே தேனீக்கள் விரட்டின என்கிறார். தேனீக்கு எந்தக் கொடியும் கிடையாது.

பொழுது சாய்வதற்குள் ஊருக்குள் போனவர்களும் பின்வாங்க வேண்டியதாயிற்று. இடது கோடியும் நடுவும் இல்லாமல் வலதுபுறம் மட்டும் எப்படி நிற்கும்?

காலியாக இருந்த ஊர்

இனி வருவது இந்த நிகழ்வின் மிக வினோதமான பகுதி. அன்று மாலை ஜெர்மன் ஊதுகொம்பு ஒலித்தது. துரத்துவதற்காக ஆட்களைத் திரட்டக் கொடுத்த சமிக்ஞை அது. கம்பெனிகள் அதைப் பழைய முகாமுக்குத் திரும்பச் சொல்லும் உத்தரவாக எடுத்துக்கொண்டன. ஊருக்கு மேற்கே இருந்த முகாமுக்கு அப்படியே போய்விட்டன. அன்று இரவு டாங்கா பாதுகாப்பே இல்லாமல் காலியாகக் கிடந்தது.

ராஸ் கசோனேயில் ஐட்கனிடம் அப்போதும் எதிரியைவிடப் பல மடங்கு ஆட்கள் இருந்தார்கள். ஒரு சிறு உளவுக்குழு ஊர்வரை போய்வந்திருந்தால் போதும். போகவில்லை. தோற்றுவிட்டோம் என்ற முடிவு அவர் மனதில் விழுந்துவிட்டது. நவம்பர் 5இல் எல்லோரையும் மறுபடி கப்பலேற்றினார். கனமான சாமான்களை ஏற்ற நேரமில்லை என்று கரையிலேயே விட்டார்கள். ஜெர்மானியருக்குக் கிடைத்தவை: பல இயந்திரத் துப்பாக்கிகள், 455 ரைஃபிள்கள், ஐந்து லட்சத்துக்கு மேல் தோட்டாக்கள், தொலைபேசிக் கருவிகள், போர்வைகள், கோட்டுகள். அதுவரை அஸ்காரிகளில் (ஜெர்மன் படையின் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள்) பெரும்பாலோர் 1871 மாதிரி பழைய மௌசரை வைத்திருந்தார்கள். சுட்டால் கரும்புகை எழும்பி, சுடுபவன் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் துப்பாக்கி அது. டாங்காவில் கிடைத்ததை வைத்து மூன்று கம்பெனிகளுக்கு நவீன ரைஃபிள் கொடுத்ததாக லெட்டோ-ஃபோர்பெக் கணக்குச் சொல்கிறார். அந்தத் துப்பாக்கிகளைப் பம்பாயிலிருந்து சுமந்துபோனதும் இதே பிரிகேடுகள்தான்.

பிரிட்டிஷ் தரப்பில் சுமார் 360 பேர் இறந்தார்கள், 487 பேர் காயமடைந்தார்கள். ஜெர்மன் தரப்பில் இறந்தவர்கள் 16 ஐரோப்பியர், 55 அஸ்காரிகள். காயமடைந்தவர்களை ஒப்படைக்கவும் ஏற்றிப்போகவும் இரு தரப்பு அதிகாரிகளும் வெள்ளைக்கொடியோடு சந்தித்துப் பேசி ஏற்பாடு செய்தார்கள்.

பழி யார் மேல் விழுந்தது

தோல்விச் செய்தியை லண்டன் பல மாதங்கள் வெளியே விடவில்லை. ஐட்கன் திருப்பி அழைக்கப்பட்டார். அப்போது பிரிட்டனின் போர் அமைச்சராக இருந்த கிச்சனர் அவரைப் பார்க்கவே மறுத்தார். கர்னலாகப் பதவி இறக்கி அரைச் சம்பளத்தில் உட்காரவைத்தார்கள். படையின் தலைமை முதலில் வாப்ஷேரிடமும், 1915இல் டைக்கிடமும் போனது. கிழக்கு ஆப்பிரிக்கப் போரை நடத்தும் பொறுப்பும் இந்தியாவின் கையிலிருந்து லண்டன் போர் அலுவலகத்துக்கு மாறியது.

தளபதிக்குத் தண்டனை என்றால், சிப்பாய்களுக்கு அவப்பெயர். 13ஆவது ராஜபுத்திரர்களும் 63ஆவது பாளையங்கோட்டையும் ஓடினார்கள் என்பதே அதிகாரப்பூர்வமான விளக்கத்தின் மையம் ஆனது. ராஜபுத்திரர்கள் விஷயத்தில் அதை ஒரு பட்டாளத்தின் தவறு என்றார்கள். மதராஸ் விஷயத்தில் அதை ஒரு மண்ணின் குணம் என்றார்கள். ராபர்ட்ஸ் சொன்னது சரிதான் என்பதற்குச் சாட்சியாக டாங்கா எடுத்துக்காட்டப்பட்டது. ஒரே தவறை இரண்டு பட்டாளங்கள் ஒரே மாதிரி சூழலில் செய்திருக்கும்போது, அதில் ஒன்றுக்கு மட்டும் இனத்தை எப்படிக் காரணமாக்குவது?

இந்தச் சண்டை பற்றிய வண்ணமயமான துணுக்குகளில் பெரும்பகுதி, உளவு அதிகாரியாக அங்கிருந்த ரிச்சர்ட் மெய்னர்ட்ஸ்ஹாகனின் நாட்குறிப்பிலிருந்து வருகிறது. ஓடிய சிப்பாய்களைப் பற்றிய மிகக் கடுமையான வர்ணனைகளும் அவருடையவைதான். அந்த மனிதரை நம்பலாமா என்று கேட்க வேண்டும். பறவை ஆராய்ச்சியாளராகப் புகழ்பெற்றவர் அவர். அருங்காட்சியகங்களிலிருந்து பறவை மாதிரிகளைத் திருடி, பொய்யான இடமும் தேதியும் எழுதித் தன் சேகரிப்பாகக் காட்டியது பிற்காலத்தில் அம்பலமானது. நாட்குறிப்பின் பகுதிகளும் அப்புறம் உட்கார்ந்து எழுதப்பட்டவை என்று ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். பறவைக்கே பொய்ச்சீட்டு ஒட்டியவர் சிப்பாய்க்கு ஒட்டிய சீட்டை நான் எச்சரிக்கையோடுதான் படிப்பேன்.

பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி போருக்குப் பிந்தைய சீரமைப்பில் கலைக்கப்பட்டது. 1920களின் முடிவுக்குள் மதராஸ் காலாட்படையே இல்லாமல் போனது. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோதுதான் மதராஸ் ரெஜிமென்ட் என்று மறுபடி எழுப்பினார்கள். அப்போது 'போர் இனம்' பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

லெட்டோ-ஃபோர்பெக் டாங்காவுக்குப் பிறகு நான்கு ஆண்டுகள் தோற்காமல் போர் நடத்தினார். ஐரோப்பாவில் போர் முடிந்து இரண்டு வாரம் கழித்து, 1918 நவம்பர் 25 அன்றுதான் வடக்கு ரொடீசியாவின் (இன்றைய ஜாம்பியா) அபெர்கார்னில் ஆயுதத்தை வைத்தார். டாங்கா ஊரை பிரிட்டிஷ் படை 1916 ஜூலையில் பிடித்தது. பெரிய எதிர்ப்பு எதுவும் இல்லை. அவர்கள் உள்ளே நுழைந்தபோது, 1914 நவம்பர் 4 இரவில் இருந்ததைப் போலவே, ஜெர்மானியர் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள்.